கட்டை விரலின் வழக்கு

நமது தமக்கையார் கும்பகோணத்தில் வசிக்கிறார். வயது அறுபத்திரண்டு. சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் அவருடைய கணவர், அதாவது நமது அத்தான், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார். ஆபரேஷன் நடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தமக்கையார், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தபடியே, கைப்பேசியில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து, குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்திருக்கும் வாட்ஸப் குழுவுக்கு ஒரு செய்தி எழுதினார்: "மாமாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இன்னும் நினைவு வரவில்லை. டாக்டர் பார்க்கலாம் என்கிறார். எல்லோரும் வேண்டிக் கொள்ளுங்கள்."

இரண்டே நிமிஷத்தில் பூனாவிலிருந்து பதில் வந்தது. நமது இன்னொரு சகோதரரின் புதல்வன், தமக்கையார் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, அனுப்பிய பதில். அதில் ஓர் எழுத்துக் கூட இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு கை. அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கட்டை விரல். அவ்வளவே.

அன்று இரவு பதினொரு மணிக்குத் தமக்கையார் நம்மைக் கூப்பிட்டார். அத்தானுக்கு நினைவு வந்துவிட்ட சந்தோஷ சமாசாரத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, "தம்பி! அவன் எனக்குக் கட்டை விரலைக் காட்டுகிறானே, என்ன அர்த்தம்? மாமா கண் விழிக்காமல் கிடக்கிறார், இவன் 'பேஷ்' என்கிறானா? அல்லது என்னை ஏய்த்துவிட்டேன் என்கிறானா?" என்று கேட்டார். சிறு வயதில் நமது தெருப் பிள்ளைகள் கட்டை விரலை ஆட்டிக் காட்டினால் "ஏமாந்தாயா?" என்றுதான் பொருள். ஹிந்தி பாஷையிலும் 'கட்டை விரலைக் காட்டுவது' என்றால், கேட்டதைக் கொடுக்காமல் கை விரிப்பதுதான். தமக்கையாருக்கு அந்த ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பையனைக் கூப்பிட்டு விசாரித்தோம். அவன் திகைத்துப் போனான். "சித்தப்பா! செய்தியைப் படித்துவிட்டேன் என்று தெரிவித்தேன். ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். இதில் தப்பு என்ன?" என்றான்.

இது ஏதோ நம் வீட்டுச் சண்டை என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். இதே கட்டை விரல், இதே சமாதானத்துடன், கானடா தேசத்தில் கோர்ட்டுப் படி ஏறியிருக்கிறது. அங்கே தீர்ப்பும் ஆகியிருக்கிறது. அந்த வழக்கைச் சற்று விவரமாகவே சொல்லுகிறோம். ஏனெனில், கைச் சித்திரங்களைப் பற்றி அறிஞர்கள் செய்யும் ஆராய்ச்சிகளை விட அந்த ஒரு வழக்கில் சாரம் அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

கானடாவில் சாஸ்காச்சுவான் என்பது தானியம் விளையும் மாகாணம். 2021-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அங்கே ஒரு தானியக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, ஒரு விவசாயியிடம் 86 டன் ஆளி விதை வாங்குவதாகப் பேசினார். புஷல் ஒன்றுக்கு 17 டாலர் விலை. நவம்பரில் சரக்கைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தப் பத்திரத்தில் தம் கையெழுத்தைப் போட்டு, அதைப் படம் பிடித்து, விவசாயியின் கைப்பேசிக்கு அனுப்பி, "உறுதி செய்க" என்று எழுதினார். விவசாயி ஒரு கட்டை விரலைப் பதிலாக அனுப்பினார். நவம்பர் மாதம் வந்தது. ஆளி விதை வரவில்லை. விலை அதற்குள் புஷல் 41 டாலராக ஏறிவிட்டது!

கம்பெனி வழக்குத் தொடுத்தது. விவசாயி என்ன சொன்னார் தெரியுமா? "பத்திரம் வந்து சேர்ந்தது என்று தெரிவிப்பதற்காகத்தான் விரலைக் காட்டினேன். சம்மதம் என்று நான் சொல்லவில்லை. முழுப் பத்திரமும் பிறகு வரும், அப்போது படித்துப் பார்க்கலாம் என்றிருந்தேன்" என்றார். நம் பூனாப் பையன் சொன்னதற்கும் இதற்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?

நியாயாதிபதி 2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தீர்ப்புச் சொன்னார். அவர் அகராதியைப் புரட்டிப் பார்த்தது உண்மையே. ஆனால் அகராதியை மட்டும் நம்பி அவர் தீர்ப்புக் கூறவில்லை. இந்த இருவருக்கும் இடையே அதற்கு முன்னால் என்னென்ன கொடுக்கல் வாங்கல் நடந்தது என்று விசாரித்தார். முன்பும் பல தடவை இதே போலப் பத்திரத்தின் படம் போயிருக்கிறது. விவசாயி "சரி", "ஆகட்டும்", "பார்த்தேன், நன்றாயிருக்கிறது" என்று ஒரு சொல், இரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கிறார். பிறகு சரக்கையும் ஒழுங்காகக் கொடுத்துப் பணம் வாங்கிக் கொண்டிருக்கிறார். ஆகவே, அந்த இருவருக்குள் அந்த விரலுக்குச் 'சம்மதம்' என்பதே பொருள், அது கையெழுத்துக்குச் சமம் என்று முடிவு செய்து, 82,000 டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டார். விவசாயி அப்பீல் செய்தார். 2024 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டிலும் அதே தீர்ப்பே நிலைத்தது. மூன்று நியாயாதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

விவசாயியின் வக்கீல், "இதை ஒப்புக் கொண்டால் நாளைக்கு முஷ்டிக்கு என்ன அர்த்தம், கை குலுக்கலுக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு வழக்காகக் கோர்ட்டுக்கு வந்து நிற்கும்" என்று வாதித்தார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் தேசத்தார் இதைக் கேட்டுச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கட்டை விரலைக் கையெழுத்தாக ஏற்றுக் கொள்வது நமக்குப் புதிய சங்கதியா?

1858-ம் வருஷத்தில் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர், சாலைக்குச் சரளை கொடுப்பதாக ஒப்புக் கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவருடைய உள்ளங்கையில் மையைத் தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதியச் செய்தார். பின்னால் "இது என் கையெழுத்தல்ல" என்று சொல்லாமலிருப்பதற்காகச் செய்த தந்திரம் அது. அதிலிருந்து தொடங்கிய காரியம், 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் ஏற்படுவதில் போய் முடிந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். அந்த முறைக்கு உலகம் வைத்திருக்கும் பெயரோ, அவர்களுடைய மேலதிகாரியான ஹென்றி துரையின் பெயர்! அது போகட்டும். பத்திர ஆபீஸில் 'கைநாட்டு' வைத்த நமது பாட்டனார்களுக்கு, கட்டை விரல் ஒப்பந்தத்தைக் கட்டிப்போடும் என்பது கானடாக்காரர்களுக்கு முன்பே தெரியும். அவர்களுடைய விரலில் மை இருந்தது, ரேகை இருந்தது, இன்னாருடைய விரல் என்று சாதிக்க முடிந்தது. கைப்பேசியில் வரும் விரலுக்கு ரேகை கிடையாது. எல்லோருக்கும் ஒரே விரல்தான்.

இந்த விரல் எங்கேயிருந்து வந்தது? பழைய ரோமாபுரியிலிருந்து வந்ததென்று பலர் நம்புகிறார்கள். தோற்ற வீரனைக் கொல்லலாமா, விடலாமா என்று ஜனங்கள் விரலை மேலும் கீழுமாகக் காட்டினார்களாம். இந்த நம்பிக்கையை உலகமெங்கும் பரப்பியது ஒரு சித்திரம்: ழெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1872-ல் தீட்டியது. லத்தீன் நூல்களில் விரலைத் 'திருப்பினார்கள்' என்றுதான் இருக்கிறது. மேலேயா, கீழேயா என்று இல்லை. நிமிர்ந்த விரலுக்கே 'கொல்' என்று பொருள் என வாதிக்கும் அறிஞர்களும் உண்டு! பாரசீகத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் நிமிர்ந்த கட்டை விரல் பழைய காலந்தொட்டு வசவு. கடலில் முழுகுவோருக்கு 'மேலே போவோம்' என்பது அதன் பொருள். 'எல்லாம் சுகம்' என்று சொல்ல நினைத்து நீருக்கடியில் ஒருவர் கட்டை விரலைக் காட்டினால், கூட வந்தவர் அவரைக் கரையேற்றி விடுவார். இத்தனைக்கும் நடுவில், 2009-ம் ஆண்டில் பேஸ்புக் கம்பெனி ஒரு விரலைப் பொத்தானாக வைத்து, 'பிடித்திருக்கிறது' என்ற ஒரு பொருளை உலகத்தின் பாதிக்குப் பழக்கிவிட்டது. தமக்கையாரின் பொருளும் பூனாவின் பொருளும் மோதிக் கொண்ட இடம் இதுதான்.

இந்தச் சித்திரங்களுக்கு 'எமோஜி' என்று பெயர். ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு, ஜப்பானியச் சொல். 'எ' என்றால் சித்திரம். 'மோஜி' என்றால் எழுத்து. நாம் சித்திர எழுத்து என்று சொல்லலாம். 1997-லேயே ஒரு ஜப்பானியக் கைப்பேசியில் தொண்ணூறு சித்திரங்கள் இருந்தன. 1999-ல் ஷிகெதகா குரிதா என்ற இளைஞர், டொகோமோ கம்பெனிக்காக 176 சித்திரங்களை வரைந்தார். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பன்னிரண்டு புள்ளி. நமது பெண்மணிகள் வாசலில் போடும் கோலத்தைவிடச் சிறியது. அந்தத் தொகுதியை நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை 2016-ல் வாங்கி வைத்திருக்கிறது.

அந்த 176-ல் மூன்று கைகள் மிக ருசிகரமானவை: ஒரு முஷ்டி, ஒரு விரித்த கை, இரு விரல் நீட்டிய ஒரு கை. ஜப்பானியக் குழந்தைகள் ஆடும் ஒரு விளையாட்டில் கல், காகிதம், கத்தரிக்கோல் என்று கைகளைக் காட்டுவார்கள். அந்த விளையாட்டுக் கைகளே இவை. பிறகு 2010-ம் வருஷத்தில், உலகத்தின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் கொடுக்கும் கலிபோர்னியாவின் யூனிகோட் சபையார் இந்தச் சித்திரங்களையும் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஜப்பானியக் குழந்தையின் கத்தரிக்கோல், வெள்ளைக்காரர் பட்டியலில் 'வெற்றிக் கை' ஆகிவிட்டது!

வெற்றிக் கையின் கதை வேறு. 1941 ஜனவரியில் பெல்ஜிய தேசத்து லாவலே என்பவர் லண்டன் ரேடியோவில் பேசி, ஜெர்மானியருக்கு அடிமைப்பட்ட தம் மக்களை 'வெற்றி' என்ற சொல்லின் முதல் எழுத்தைச் சுவர்களில் எழுதும்படி தூண்டினார். சர்ச்சில் அதையே விரலில் காட்டி உலகப் பிரசித்தமாக்கினார். உள்ளங்கை வெளியே தெரிய வேண்டும் என்பது அதன் இலக்கணம். புறங்கை தெரிந்தால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கெட்ட வசவு. 1992-ல் அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ், கான்பெரா நகரத்தில் காருக்குள்ளிருந்து ஜனங்களுக்கு இரு விரலை நீட்டினார். பாவம், கையைத் திருப்பி நீட்டிவிட்டார்.

நமது தேர்தல் காலத்தில் இவர் தமிழ் நாட்டுக்கு வந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. எப்படித் திருப்பினாலும் இரட்டை இலைதான். ஐந்து விரல்களையும் அகல விரித்தால் உதயசூரியன். விரிக்காமல் உள்ளங்கையைக் காட்டினால் காங்கிரஸ். ஒரு விரல் அசைவில் கட்சியே மாறிவிடும் தேசம் இது. உதயசூரியனுக்காக விரல் விரிக்கும் தொண்டர் ஒருவர் அதே கையுடன் கிரேக்க தேசத்துக்குப் போனால் நிலைமை விபரீதமாகிவிடும். அங்கே ஒருவர் முகத்துக்கு நேரே ஐந்து விரலை விரித்துக் காட்டுவது சேற்றை வாரி முகத்தில் அப்புவதற்குச் சமம்.

பள்ளிக்கூட வாத்தியார்களாகிய நமக்கு இதெல்லாம் நன்றாய்ப் புரியும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டும் சித்திரத்தைப் பார்த்தால், ஒருவர் 'கவனியுங்கள்' என்கிறார்; இஸ்லாமிய அன்பர்கள் 'இறைவன் ஒருவனே' என்பதைக் காண்கிறார்கள். இருபது வருஷம் வகுப்பறையில் நின்ற நமது கண்ணுக்கோ, "சார், வெளியே போகலாமா?" என்றுதான் தெரிகிறது. சென்ற வாரம் ஓர் உயர் அதிகாரி தம் சுற்றறிக்கையின் கீழே அந்த விரலைப் போட்டிருந்தார். ஆசிரியர் அறையில் சிரிப்பை அடக்குவது கஷ்டமாய்ப் போய்விட்டது.

இப்போது கூப்பிய கைக்கு வருவோம். இது நம்முடைய கை என்று நாம் நினைக்கிறோம். அப்படி நினைப்பதில் பெருமையும் படுகிறோம். 2020 மார்ச்சில், தொற்று நோய்க்குப் பயந்து கை குலுக்கலை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் கை கூப்பிய படங்களைப் பார்த்து நம்மில் மகிழாதவர் யார்? ஆனால் கைப்பேசியில் இருக்கும் அந்தச் சித்திரம் நம்மிடமிருந்து போனதல்ல. ஜப்பானியக் கம்பெனிகளின் பட்டியலிலிருந்து வந்தது. யூனிகோட் சபையார் இட்ட பெயரில் வணக்கமும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை. 'கூப்பிய கைகளுடன் ஒரு நபர்' என்று மட்டுமே இருக்கிறது. ஜப்பானியர் உணவு உண்ணத் தொடங்குமுன் கை கூப்புகிறார்கள். ஓர் உதவி கேட்கவும், தவறுக்கு வருந்தவும் கூப்புகிறார்கள். அமெரிக்கர் பெரும்பாலோருக்கு அது பிரார்த்தனை. அவர்களிலேயே சிலர், இரண்டு பேர் உற்சாகத்தில் உள்ளங்கைகளை அடித்துக் கொள்ளும் படம் அது என்று வெகு காலம் நம்பியிருந்தார்கள். ஆப்பிள் கம்பெனியின் பழைய படத்தில் கைகளுக்குப் பின்னால் மஞ்சள் ஒளி வேறு வீசியதால், அடித்த வேகத்தில் பொறி பறக்கிறது என்று எண்ணிவிட்டார்கள்!

நமக்கு மட்டும் அதன் பொருள் ஒன்றா? நாட்டிய நூலார் அஞ்சலிக்கு மூன்று உயரம் வகுத்தார்கள். தெய்வத்துக்குத் தலைக்கு மேலே. குருவுக்கு முகத்துக்கு நேரே. மற்றப் பெரியோருக்கு மார்புக்கு நேரே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஒற்றைக் கை முத்திரைகளைப் 'பிண்டி' என்றும் இரட்டைக் கை முத்திரைகளைப் 'பிணையல்' என்றும் பிரித்து, பிண்டி முப்பத்து மூன்று, பிணையல் பதினைந்து என்று கணக்கும் கொடுக்கிறார். அஞ்சலி பிணையலைச் சேர்ந்தது. இன்னது இன்னபடி என்று வகுத்துவிட்ட அந்த நூல்களில் அடங்காத கும்பிடு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து நின்று மணிக்கணக்காய் வம்பு பேசுகிறவரைப் பார்த்து, "உமக்கொரு பெரிய கும்பிடு!" என்று சொல்லிக் கைகளை உயர்த்துகிறோமே, அது எந்தத் தேசத்து அகராதியில் ஏறும்? வருகிறவருக்கும் கும்பிடு, 'போய்த் தொலையும்' என்பதற்கும் கும்பிடு. நேரில் பார்ப்பவருக்கு ஒரு நொடியும் சந்தேகம் வராது. முகம் சொல்லிவிடும், குனிந்த முதுகு சொல்லிவிடும், கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது சொல்லிவிடும். கைப்பேசிச் சித்திரத்தில் கைகள் மணிக்கட்டோடு நின்றுவிடுகின்றன. தலை எங்கே, மார்பு எங்கே? எந்த உயரத்தில் கூப்பினார் என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைவிட மனத்தை வருத்துவது சின்முத்திரையின் கதி. ஆள்காட்டி விரல் வளைந்து கட்டை விரலைத் தொட, மற்ற மூன்றும் விலகி நிற்பது சின்முத்திரை. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்றையும் விட்டு விலகிய ஆன்மா இறைவனோடு சேர்கிறது என்று சைவப் பெரியோர் அதற்குப் பொருள் கூறுவார்கள். கல்லால மரத்தின் கீழே தட்சிணாமூர்த்தி வாய் திறவாமல் உபதேசம் செய்தது இந்தக் கையால்தான். நமது சிவன் கோயில்களின் தெற்குக் கோஷ்டத்தில் அதைப் பாராத தமிழர் உண்டோ?

அந்தக் கை அமெரிக்கரிடம் 'சரி' என்பதாகும். ஜப்பானில் காசு வட்டமாயிருப்பதால் பணம். பிரான்சில் வெறும் பூஜ்யம், 'ஒன்றுக்கும் உதவாது' என்று பொருள். பிரேஸிலில் குடும்பத்தார் படிக்கும் பத்திரிகையில் எழுதத் தகாத பொருள். இவ்வளவோடு நின்றிருந்தால் வேடிக்கை என்று விட்டுவிடலாம். 2017-ல் சில விஷமக்காரர்கள், 'இது வெள்ளையர் ஆதிக்கத்தின் ரகசிய அடையாளம்' என்று ஒரு புரளியைக் கிளப்பினார்கள். ஜனங்களை முட்டாளாக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் மெய்யான இன வெறியர்கள் சிலர் அதைப் பிடித்துக் கொண்டு, மெய்யாகவே காட்டத் தொடங்கிவிட்டார்கள். 2019 மார்ச்சில் நியூஸிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் ஐம்பத்தோரு பேரைக் கொன்ற பாவி, கோர்ட்டில் நின்றபோது விலங்கிட்ட கையால் இந்த முத்திரையைக் காட்டினான். அதே வருஷத்தில், இன வெறுப்பை எதிர்த்துப் போராடும் ஓர் அமெரிக்கச் சங்கம் இதைத் தன் வெறுப்பு அடையாளப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கும்போதே, பெரும்பாலோர் இதைக் குற்றமின்றியே பிரயோகிக்கிறார்கள், ஆகவே எடுத்த எடுப்பில் யாரையும் சந்தேகிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தது. புரளி மெய்யாவதற்கு இரண்டு வருஷம் போதுமாயிருந்தது. கைக்குப் பொருள் எப்படி உண்டாகிறது என்பதை இவ்வளவு பட்டவர்த்தனமாக உலகம் முன்பு பார்த்ததில்லை.

தென் கொரியாவில் 2021-ல் நடந்ததும் இதைச் சேர்ந்ததே. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் 'கொஞ்சூண்டு' என்பது போல நெருங்கி நிற்கும் கையை ஒரு கடை விளம்பரத்தில் போட்டதற்காக, ஆண்களை அது கேலி செய்கிறது என்று இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. அதே கொரியாவில் அதே இரு விரல்களையும் சற்றே குறுக்காக வைத்துவிட்டால் அன்பு நிறைந்த இதயம்! விரல் ஒரு நெல் அளவு நகர்ந்தால் அன்பு பகையாகிறது.

ஐந்து விரல் நுனிகளையும் மேலே பார்க்கக் குவித்த கை ஒன்று 2020-ல் புதிதாக வந்தது. இத்தாலியர் கேட்டு வாங்கிய கை அது. "என்னதான் வேண்டும் உனக்கு?", "என்ன பேச்சு இது?" என்று அவர்கள் அதை ஆட்டி ஆட்டிக் கேட்பார்கள். நேப்பிள்ஸ் நகரத்தில் தெ யோரியோ என்ற பாதிரியார் 1832-லேயே, அவ்வூர்ச் சந்தைக்காரர்களின் கைகளையும் பழங்காலத்துப் பானைச் சித்திரங்களின் கைகளையும் ஒப்பிட்டு ஒரு பெரிய புஸ்தகம் எழுதியிருக்கிறார். யூதரும் அராபியரும் அதே கையைக் காட்டினால் 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தம். தமிழ் நாட்டில்? குவித்த கையை வாய்ப் பக்கம் கொண்டு போனால், "சாப்பிட்டாச்சா?" என்பதே. இத்தாலியர் கோபித்துக் கொள்ளும் கையால் நாம் உபசாரம் செய்கிறோம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிறம் குறிக்காத கைகள் மஞ்சளாயிருக்கின்றன. மனிதரில் யாருக்கும் அந்த மஞ்சள் கிடையாதாகையால் யாருக்கும் மனக்குறை இல்லை என்று நினைத்தார்கள் போலும். 2015-ல் ஐந்து தோல் நிறங்கள் வந்தன. பிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர், வெயிலில் தோல் கருகுவதைக் கொண்டு வகுத்த ஆறு வகைகளில், முதல் இரண்டையும் ஒன்றாக்கி ஐந்தாகக் கொண்டார்கள். இரண்டு வெவ்வேறு நிறக் கைகள் ஒன்றையொன்று குலுக்கிக் கொள்வதற்கு மட்டும் 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நமது வகுப்பு மாணவி ஒருத்தி, பரீட்சையில் தேறியதும் நமக்கு ஒரு கும்பிடு அனுப்பினாள். ஐந்தில் மிக வெளுத்த நிறத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஏன் அம்மா என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை.

இன்று 3,700-க்கும் மேற்பட்ட சித்திர எழுத்துக்கள் இருக்கின்றன. குழந்தைக்குத் திருஷ்டி கழித்து, இரு கை விரல்களையும் தம் நெற்றிப் பொட்டில் வைத்துப் பாட்டிமார் சொடுக்கும் கை அவற்றில் இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் குறுக்கே மாறிக் காதைப் பிடிக்கும் கையும் இல்லை. யார் வேண்டுமானாலும் யூனிகோட் சபைக்கு விண்ணப்பம் போடலாம். தக்க காரணம் காட்டினால் பரிசீலிக்கிறார்கள். இத்தாலியர் கேட்டார்கள், வாங்கினார்கள். நாம் இன்னும் கேட்கவில்லை. கேட்டு வந்துவிட்டால், பாட்டியின் சொடுக்கு பிரேஸிலில் என்ன பொருள்படும் என்ற கவலையும் கூடவே வரும்.

தமக்கையாரின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கானடா நியாயாதிபதி கேட்ட கேள்வியையே நாமும் கேட்டுப் பார்த்தோம். அத்தைக்கும் மருமகனுக்கும் இடையே முன்பு என்ன நடந்தது? அவன் மூன்று வயதில் காய்ச்சலாய்க் கிடந்தபோது ஏழு இரவு கண் விழித்திருக்கிறார். அவன் கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில் தினந்தோறும் டெலிபோனில் அழுதிருக்கிறான். குரலால் மட்டுமே பேசிப் பழகிய இருவர். அவர்களுக்குள் கட்டை விரலுக்குப் பொருளே ஏற்படவில்லை. ஆபீஸ் சிநேகிதர்களிடம் செல்லும் நாணயத்தைப் பையன் அத்தையிடம் செலுத்தப் பார்த்தான், செல்லவில்லை. இதை அவனிடம் சொன்னோம். மறுநாளே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினான். தமக்கையாரும் சமாதானமானார்; ஆனாலும், "வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க உனக்கு என்ன கேடு?" என்று கேட்காமல் விடவில்லை.

புரட்டாசியில் அத்தான் கைத்தடியுடன் நடக்கத் தொடங்கினார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் பூனாவிலிருந்து குடும்பக் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது: "அத்தை, லீவு கிடைக்கவில்லை. இந்த வருஷம் தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது." நாம் பார்த்துக் கொண்டிருக்கும்போதே கும்பகோணத்திலிருந்து பதில் போயிற்று. மஞ்சள் நிறக் கை. நிமிர்ந்த கட்டை விரல்.

ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. பையன் அலறிக் கொண்டு தமக்கையாரைக் கூப்பிட்டானாம். "அத்தை! என் மேல் கோபமா?"

"கோபம் என்னடா? படித்துவிட்டேன் என்று தெரிவித்தேன்" என்றாராம் தமக்கையார்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை ரயிலில் பையன் கும்பகோணம் வந்து இறங்கினான்.